பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பாடப்பிரிவு?

ஆண்டுதோறும் மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் முடிவுகள் வெளிவருகின்றன. மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த சில நாட்களுக்குள்ளாகவே மாணவர்கள் பதினோராம் வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சில நாட்களில் செய்யப்படும் முடிவு, அடுத்த இரண்டு ஆண்டுகளின் படிப்பை மட்டும் சார்ந்ததன்று. அதற்குப் பின் எந்தக் கல்லூரியில் விண்ணப்பிக்கலாம், எதில் விண்ணப்பிக்கவே இயலாது என்பதையும் அதுவே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தில் ஓரளவு ஈடு செய்துகொள்ளலாம். பாடப்பிரிவு பொருந்தாமற் போனால், அதை ஈடு செய்யப் பிள்ளையின் வயதில் ஓராண்டையோ இரண்டாண்டையோ கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆயினும், நம் கிராமங்களில் இம்முடிவு எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் நன்கு அறிவார்கள். தோழன் சேர்ந்த பிரிவில் தானும் சேர்கிறான் ஒரு மாணவன். மதிப்பெண் மிகுந்தால் அறிவியல், குறைந்தால் கலை என்னும் வழக்கத்தின்படி வேறொருவனுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. அருகிலுள்ள பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறதோ அதுவே போதும் என்று பெண் குழந்தையைச் சேர்த்துவிடுகிறார்கள். இவற்றில் எதுவும் பிள்ளையின் எதிர்காலத்தை முன்னிறுத்திச் செய்த முடிவு ஆகாது. இரண்டாண்டுக்குப் பின் எங்கே போய்ச் சேர விரும்புகிறோம் என்பதை முதலில் எண்ணி, அங்கிருந்து பின்னோக்கி வந்து பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது இதுவே.

அன்றைய புகுமுக வகுப்பும் இன்றைய மேல்நிலைக் கல்வியும்

வயதில் மூத்த விவசாயப் பெருமக்களுக்குப் புகுமுக வகுப்பு நினைவிருக்கும். டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, அதுவரை கல்லூரிகளில் நடைபெற்று வந்த இரண்டாண்டு இண்டர்மீடியட் வகுப்பை நீக்கும்படி பரிந்துரை செய்தது. அதன் விளைவாகப் பதினோராண்டுப் பள்ளிப் படிப்பும், கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும், மூன்றாண்டுப் பட்டப் படிப்பும் வந்தன. பின்னர் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு, பத்தாண்டுப் பொதுக் கல்வி, ஈராண்டு மேல்நிலைக் கல்வி, மூன்றாண்டுப் பட்டப் படிப்பு என்னும் முறையைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கிற்று. புகுமுக வகுப்பு மறைந்தது.

இம்மாறுதலால் கிராமங்களுக்குப் பெரும் நன்மை விளைந்தது. புகுமுக வகுப்புக்காக நகரத்துக் கல்லூரியை நாடி, விடுதியில் தங்கவேண்டிய நிலைமை மாறி, உள்ளூரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள மேல்நிலைப் பள்ளியிலேயே அப்படிப்பைப் பெற முடிகிறது. அதே சமயம், பெற்றோரின் பொறுப்பும் கூடிற்று. அன்று பதினோராண்டுப் படிப்பை முடித்த பிறகு செய்த தேர்வை இன்று பத்தாண்டு முடிந்ததுமே செய்ய வேண்டியிருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை தனியே நின்று செய்யக்கூடிய முடிவு அன்று இது. வீட்டாரும் ஆசிரியரும் ஊராரும் துணை நிற்க வேண்டிய முடிவு.

பிரிவுகள் எவை?

மேல்நிலை வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் ஆறு பாடங்களைப் படிக்க வேண்டும். மொழிப் பாடம் ஒன்று, ஆங்கிலம் ஒன்று, இவற்றோடு தாம் தேர்ந்தெடுத்த பிரிவைச் சேர்ந்த பாடங்கள் நான்கு. பாடத்திற்கு 100 மதிப்பெண் வீதம் மொத்தம் 600. தேர்ச்சி பெற ஒவ்வொரு பாடத்திலும் 35 மதிப்பெண் வேண்டும்.

பள்ளிகளில் பெரும்பாலும் காணப்படும் பிரிவுகளை நாம் ஐந்து வகையாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கும் அடங்கியது. இரண்டாவது, உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் அமைந்தது. மூன்றாவது, கணிதம் இன்றி, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவை கொண்டது. நான்காவது, வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பொருளியலும் சேர்ந்து, அவற்றோடு கணினிப் பயன்பாடு, வணிகக் கணிதம், வரலாறு போன்றவற்றில் ஒன்றைக் கொண்டது. வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல் முதலியவை அடங்கிய கலைப் பிரிவுகளையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். ஐந்தாவது, தொழிற்கல்விப் பிரிவு. வேளாண் அறிவியல், செவிலியம், இயந்திரவியல், மின்னியல், அலுவலக மேலாண்மை போன்றவை இதில் அடங்கும்.

எல்லாப் பிரிவுகளும் எல்லாப் பள்ளிகளிலும் இருப்பதில்லை. சிறிய பள்ளிகளில் இரண்டு பிரிவுகளோ மூன்று பிரிவுகளோ மட்டுமே இருக்கக்கூடும். ஆகவே, தம் ஊரைச் சுற்றி பஸ் வசதியுள்ள பள்ளிகளில் என்னென்ன பிரிவுகள் உள்ளன என்பதை முதலில் கேட்டறிந்துகொள்வது அவசியம்.

எந்தப் பிரிவு எங்கே கொண்டு சேர்க்கும்?

பொறியியல் பட்டப் படிப்பை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் இதற்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனக் கணக்கிட்டு, 200க்குத் தரவரிசை செய்கிறார்கள். ஆகவே கணிதம் அடங்கிய முதல் இரண்டு பிரிவுகளும் இதற்குரியவை. தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களுக்குச் சிறிய அளவில் தனி ஒதுக்கீடு உண்டு.

மருத்துவப் படிப்பின் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 2017 முதல் நீட் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே இதற்குச் சேர்க்கை நடைபெறுகிறது. அத்தேர்வின் 720 மதிப்பெண்ணில் பாதியாகிய 360 உயிரியலுக்கு உரியது. எஞ்சிய பாதியை இயற்பியலும் வேதியியலும் பகிர்ந்துகொள்கின்றன. கணிதத்திற்கு அதில் இடமில்லை. வினாக்கள் பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆகிய இரண்டின் பாடங்களிலிருந்தும் வருவதால், முதலாண்டை அலட்சியமாகக் கழித்தவர்கள் இரண்டாமாண்டில் அதை மீட்பது கடினம்.

செவிலியர் பட்டப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவை வேண்டும். மருந்தாளுநர் பட்டயப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல் ஆகியவற்றோடு உயிரியலோ கணிதமோ இருந்தால் போதும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிலும், தணிக்கையாளர் படிப்பின் முதல் நிலைத் தேர்விலும் எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவரும் சேரலாம்.

இவ்விவரங்களிலிருந்து ஓர் உண்மை விளங்கும். சில படிப்புகள் குறிப்பிட்ட பாடங்களைக் கேட்கின்றன. பல படிப்புகள் எந்தப் பாடத்தையும் வற்புறுத்துவதில்லை. முதல் வகையை நாடுகிறவர்கள் பாடப்பிரிவில் பிழை செய்யலாகாது. இரண்டாம் வகையை நாடுகிறவர்கள், தங்களுக்கு நன்கு வரக்கூடிய பாடங்களைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

கணிதத்தைக் கைவிடும் முன்

கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதற்பிரிவில் சேர்ந்தால் பொறியியல், மருத்துவம் ஆகிய இரு வழிகளும் திறந்திருக்கும் என்பது உண்மை. இதனாலேயே பெற்றோர் பலர் இப்பிரிவை விரும்புகிறார்கள். ஆனால் நான்கும் கடினமான பாடங்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டு வழிகளையும் திறந்து வைத்துவிட்டு, இரண்டிலும் போதிய மதிப்பெண் பெறாமல் நிற்பதைக் காட்டிலும், ஒரு வழியைத் தெளிந்து அதில் ஊன்றி நிற்பது மேலானது.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் அறிவியலில் 88 மதிப்பெண்ணும் கணிதத்தில் 46 மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறாள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். அப்படிப்புக்கு வேண்டியவை உயிரியலும் இயற்பியலும் வேதியியலுமே. மூன்றாம் பிரிவே அவளுக்கு உரியது. முதற்பிரிவுதான் உயர்ந்தது என்று எண்ணி அதில் அவளைச் சேர்த்தால், கணிதத்தோடு போராடும் நேரம் முழுவதும் அவளுக்கு வேண்டிய பாடங்களிலிருந்து பறிபோகும்.

இனி ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் 82 மதிப்பெண் பெற்றிருக்கிறான். பம்புசெட்டு மோட்டார் பழுதானால் பிரித்துப் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவன். தோழர்கள் சேர்ந்தார்கள் என்பதற்காக இவன் வணிகவியல் பிரிவில் சேர்ந்தால், பொறியியல் பட்டப் படிப்பின் வழி இரண்டாண்டுக்குப் பின் அவனுக்கு அடைபட்டிருக்கும். வணிகவியலில் குறையொன்றும் இல்லை. அவன் நாட்டம் அங்கே இல்லை என்பதே குறை.

ஆகவே கணிதத்தை விடுவதானாலும், எடுப்பதானாலும், காரணம் தெரிந்து செய்ய வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு முறை பெற்ற மதிப்பெண்ணை மட்டும் பார்த்தல் போதாது. எட்டு, ஒன்பது ஆகிய வகுப்புகளிலும் அந்தப் பாடம் எப்படி இருந்தது, ஆசிரியர் மாறியபோது மதிப்பெண் மாறியதா என்பதையும் பார்க்க வேண்டும். இதனை நன்கு அறிந்தவர் வகுப்பாசிரியரே.

உழவர் வீட்டுப் பிள்ளையும் வேளாண் படிப்பும்

விவசாயம் செய்து அலுத்தவர்கள், தம் பிள்ளைகள் மண்ணை விட்டு வேறு தொழிலுக்குப் போகட்டும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் வேளாண்மை பற்றிய உயர்கல்வி வேறு, பழைய முறையில் உழுது பிழைப்பது வேறு. 1868ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். விவசாயம், தோட்டக்கலை, வனவியல், பட்டு வளர்ப்பு, வேளாண் பொறியியல் முதலிய பட்டப் படிப்புகள் அங்கு உள்ளன. கால்நடை மருத்துவத்திற்கு 1989இல் ஒரு பல்கலைக்கழகமும், மீன்வளத்திற்கு 2012இல் நாகப்பட்டினத்தில் ஒரு பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன.

இப்படிப்புகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படையாக இருந்து வருகிறது. இயற்பியல், வேதியியல் ஆகியவற்றோடு உயிரியலோ, தாவரவியலும் விலங்கியலுமோ படித்தவர்களுக்கு இவற்றில் பெரும்பாலானவை எட்டும். வேளாண் பொறியியலுக்குக் கணிதம் வேண்டும். தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் படித்தவர்களுக்கு வேளாண்மைப் பட்டப் படிப்பில் தனி ஒதுக்கீடும் உண்டு. நம் வட்டாரங்களில் பலர் இதனை அறியாமல், தொழிற்கல்வி படித்தால் மேற்படிப்பே இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். அது தவறான எண்ணம்.

விதை, உரம், பயிர்க் கடன், கூட்டுறவு, விளைபொருள் விற்பனை ஆகியவற்றில் படித்தவர்களின் தேவை கிராமத்தில் குறையவில்லை. விவசாயம் செய்கிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு மண்ணையும் மாட்டையும் பற்றிய அனுபவ அறிவு முன்னமே இருக்கிறது. அதன் மேல் விஞ்ஞான அறிவும் சேருமானால் அது நாட்டுக்கே இலாபம்.

வணிகவியலும் கலையும் தாழ்ந்தவை அல்ல

அறிவியல் கிடைக்காதவர்களின் புகலிடம் என்று கலைப் பிரிவைக் கருதும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வுக்கும், இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் பெற்றிருந்தால் போதும். இன்ன பாடத்தில் என்ற கட்டாயம் இல்லை. அத்தேர்வுகளின் பாடத்திட்டத்தில் வரலாறும் புவியியலும் பொருளியலும் அரசியலமைப்பும் பெரும் பங்கு பெறுகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியையே கல்வித் தகுதியாகக் கொண்ட நான்காம் தொகுதித் தேர்வுக்கும் இப்பாடங்கள் உதவும்.

வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்தவர்கள் வங்கி, கூட்டுறவுச் சங்கம், தணிக்கை அலுவலகம், வியாபார நிலையம் முதலிய இடங்களில் பணி பெறுகிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பெருகி வரும் இக்காலத்தில், கணக்கைச் செம்மையாக எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஊரில் இருப்பது பெரும் பலம். வரலாற்றில் ஆர்வமும் எழுத்தில் திறமையும் உள்ள பிள்ளையை, மதிப்பெண் இருக்கிறது என்னும் ஒரே காரணத்திற்காக வேதியியல் படிக்க வற்புறுத்துவது நன்றன்று.

மேல்நிலை வகுப்புக்கு மாற்று வழிகள்

பத்தாம் வகுப்பை முடித்தவர்கள் அனைவரும் மேல்நிலை வகுப்பில்தான் சேர வேண்டும் என்பதில்லை. பாலிடெக்னிக் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். அதை முடித்தவர்கள் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழியுண்டு. குடும்பத்தின் பொருளாதார நிலை இடங்கொடாத இடத்தில், பதினெட்டு வயதில் வேலைக்குப் போகவும், பின்னர் வசதி வந்தபோது மேலே படிக்கவும் இவ்வழி உதவுகிறது.

தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டு, ஈராண்டுப் பயிற்சிகள் உள்ளன. பிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் முதலிய தொழில்களைக் கற்று, 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி தொழிற்சாலைகளில் உதவித் தொகையுடன் பழகுநர்களாகவும் சேரலாம். இப்பயிற்சி முடித்தவர்களும் பாலிடெக்னிக் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர இயலும். ஆகவே இவ்வழியிலும் படிப்படியாக மேலே செல்ல முடியும்.

பத்தாம் வகுப்பில் ஓரிரு பாடங்களில் தவறியவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. முடிவுகள் வந்த சில வாரங்களில் துணைத்தேர்வு நடைபெறுகிறது. அதில் தேர்ச்சி பெற்று அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரலாம். தேர்வில் தவறிய பிள்ளை உடனே கூலி வேலைக்குப் போய்விட்டால், அத்துடன் அவன் படிப்பு முடிந்துவிடும். அதைத் தடுப்பது அந்த ஊரின் கடமை.

பள்ளியை மாற்றும் முன்

பாடப்பிரிவோடு பள்ளியையும் பயிற்று மொழியையும் மாற்றும் எண்ணம் பெற்றோர்க்கு எழுவதும் இச்சமயத்திலேதான். பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ தனியார் பள்ளியில் சேர்க்க முற்படுகிறார்கள். அதற்கு முன் சில விவரங்களை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2020இல் நிறைவேறிற்று. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே அளவு முன்னுரிமை 2021இல் வழங்கப்பட்டது. அவ்வாறு சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அவ்வாண்டில் அறிவிக்கப்பட்டது. பதினோராம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறும் மாணவர் இந்த முன்னுரிமையை இழந்துவிடுகிறார். ஆறாம் வகுப்பு முதல் ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்துப் பெற்ற தகுதி, கடைசி இரண்டாண்டில் கைநழுவிப் போகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. இவற்றின் நடப்பு விதிகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பயிற்று மொழியைப் பற்றியும் இவ்வாறே சிந்திக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்திருக்க வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டது. ஆகவே, அரசுப் பணியை நாடும் பிள்ளை பதினோராம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறினால், அம்முன்னுரிமையைப் பெற இயலாமற் போகும். தவிர, பத்தாண்டுகள் தமிழில் கற்ற இயற்பியலைத் திடீரென வேறு மொழியில் கற்பது பலருக்கு முதலாண்டு முழுவதும் சுமையாகவே இருக்கிறது. மாறவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எதை விட்டு எதைப் பெறுகிறோம் என்று கணக்கிட்ட பிறகு மாறலாம் என்றே சொல்கிறோம்.

பெண் குழந்தைகளின் படிப்பு

வீட்டில் மகனும் மகளும் படிக்கும்போது, மகனுக்குப் பாடப்பிரிவைத் தேடிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மகளுக்கோ பள்ளியின் தூரத்தைப் பார்த்துப் பாடப்பிரிவு அமைகிறது. அறிவியலில் சிறந்த மாணவியொருத்தி, அந்தப் பிரிவு எட்டு மைல் தொலைவில் இருக்கிறது என்பதற்காக வேறு பிரிவில் சேர்க்கப்பட்டால், அவள் இழப்பது மிகப் பெரிது. பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பஸ் பயணச் சீட்டு உண்டு. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டிகள் பல ஆண்டுகளாக வழங்கப்பட்டு வந்துள்ளன. ஒரே ஊரிலிருந்து நான்கைந்து பெண்கள் சேர்ந்து போகும்படி பெற்றோர்கள் கலந்து பேசி ஏற்பாடு செய்துகொண்டால், தூரத்தைப் பற்றிய அச்சம் பெரிதும் குறையும்.

பத்தாம் வகுப்போடு பெண்ணின் படிப்பை நிறுத்தித் திருமணப் பேச்சைத் தொடங்கும் வீடுகளும் இன்னும் இல்லாமற் போகவில்லை. பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறமிருக்க, மேல்நிலை வகுப்பின் இரண்டாண்டுகள் பெண்ணுக்குத் தன் காலில் நிற்கும் வலிமையைத் தருபவை என்பதை ஊர்ப் பெரியோர்கள் எடுத்துக் கூற வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பாடப்பிரிவைத் தேர்வது குடும்பத்தின் சொந்த விஷயம். அதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். செய்யத்தக்கவை பல உண்டு.

முதலாவதாக, மே முதல் நாளன்று கூடும் கிராம சபையை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அண்மைக் காலத்தில் தேர்வு முடிவுகள் அதற்குச் சில நாட்களுக்குப் பின்னரே வெளிவருகின்றன. ஆகவே, உரிய தருணத்தில் அச்சபை கூடுகிறது எனலாம். அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரையோ மூத்த ஆசிரியரையோ அழைத்து, பிரிவுகளைப் பற்றி அரைமணி நேரம் பேசச் செய்யலாம். மாணவர்களையும் தாய்மார்களையும் அன்று தவறாமல் வரச் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, சுற்றுவட்டாரப் பள்ளிகளில் உள்ள பிரிவுகள், பயிற்று மொழி, பஸ் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் ஒட்டி வைக்கலாம். செலவில்லாத இக்காரியம் பல குடும்பங்களின் அலைச்சலைத் தவிர்க்கும்.

மூன்றாவதாக, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் வழியே வந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. அக்குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உள்ளூர்ப் பள்ளியில் தேவையான பிரிவு இல்லையெனில், அதை வேண்டும் மாணவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, குழுவில் தீர்மானம் நிறைவேற்றிக் கல்வித் துறைக்கு அனுப்பலாம். பிரிவு இருந்தும் ஆசிரியர் இல்லையெனில், அதையும் காலம் தாழ்த்தாமல் எழுத வேண்டும். இவ்வளவு மாணவர், இன்ன பாடம் என்று எண்ணிக்கையோடு செல்லும் மனுவுக்கு வெறும் கோரிக்கையைவிட வலிமை அதிகம்.

நான்காவதாக, ஊரில் படித்து மேலே சென்ற இளைஞர்களையும் பெண்களையும் விடுமுறையில் அழைத்து, இளையோரிடம் பேசச் செய்யலாம். தம் தெருவில் வளர்ந்த ஒருவர் சொல்லும் சொல்லுக்குத் தனி மதிப்புண்டு. தேர்ச்சி பெற்றும் எங்கும் சேராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஜூன் மாத முடிவில் வார்டுதோறும் கணக்கெடுப்பதும் நலம். ஒரு வார்டில் அத்தகையோர் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அவர்களை வீடு தேடிச் சென்று பார்ப்பது உறுப்பினர் ஒருவரால் முடியாத காரியமன்று.

வீட்டில் பேச வேண்டியவை

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. தேர்வு முடிவு வருமுன்னரே, ஒரு மாலை நேரத்தில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு ஐந்து விஷயங்களைப் பேசுங்கள். எந்தப் பாடம் படிக்கும்போது அவனுக்கு நேரம் போவது தெரிவதில்லை? எந்தப் பாடம் எவ்வளவு முயன்றும் வரவில்லை? இரண்டாண்டுக்குப் பின் என்ன படிக்க எண்ணுகிறான். அப்படிப்பு எந்தப் பாடங்களைக் கேட்கிறது? அது கிடைக்காவிட்டால் அதே பிரிவிலிருந்து வேறு எதற்குப் போகலாம்? அதற்கான செலவைக் குடும்பம் நிலத்தை இழக்காமல் தாங்குமா?

நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. மருத்துவம் ஒன்றையே குறியாகக் கொண்டு, அது கிடைக்காதபோது வாழ்வே முடிந்ததாக எண்ணிப் பிள்ளைகள் நொந்துபோவதை நாடு கண்டிருக்கிறது. உயிரியல் படித்தவர்க்குக் கால்நடை மருத்துவமும், வேளாண்மையும், மீன்வளமும், செவிலியமும், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பமும் உண்டு என்பதை முதல் நாளே சொல்லி வைத்தால், அந்த நோவு இராது.

பிள்ளை சொல்வதை இடைமறியாமல் கேளுங்கள். நிலத்தின் தன்மையும் நீரின் அளவும் பாராமல் எந்த விவசாயியும் பயிரை முடிவு செய்வதில்லை. அண்டை வயலில் கரும்பு விளைகிறது என்பதற்காக மானாவாரிப் புன்செயில் கரும்பு நடுவாரும் இல்லை. நிலத்துக்குக் காட்டும் அந்த நிதானத்தைப் பிள்ளைக்கும் காட்டுவோமாக. மே மாதத்தில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு இவ்விஷயத்தைப் பேசி முடிவு செய்யும் வீடுகள் ஒவ்வொரு கிராமத்திலும் பெருகினால், அக்கிராமத்தின் முன்னேற்றத்திற்கு அதுவே நல்லதொரு தொடக்கமாகும்.